ஓலைக்கால், சீலைக்கால்

காட்பாடிக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு பதினொரு மணி வாக்கில் வரும். மாமா எங்களை ஒன்பதரைக்கே நடைமேடையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அக்கா எதுவும் சொல்லவில்லை. பத்து மணி என்றால் ஒன்பது ஐம்பதுக்கே ஃபாலின், அதாவது வரிசையில் வந்து நிற்க வேண்டும் என்பது அவள் இருபத்தைந்து வருடமாகக் குடித்தனம் நடத்தும் சட்டம். அவள் மடியில் அதிரசமும் முறுக்கும் நிறைந்த எவர்சில்வர் தூக்கு. மாமா காலில் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. ராத்திரி முழுக்கப் படுத்துக்கொண்டு வரப்போகிறவருக்கு ஷூ எதற்கு என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

அக்கா மகன் வெலிங்டனில் பயிற்சி முடிக்கிறான். மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் கஸம் பரேட். தமிழில் சொன்னால் சத்தியப் பிரமாண அணிவகுப்பு. பெற்றோருக்கு அழைப்பு. இன்னொருவரும் வரலாம் என்று பையன் போனில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நானும் கிளம்பிவிட்டேன். 1989இல் மாமா ரெக்ரூட்டாகப் போய் நின்றதும் அதே சென்டர்தான். பதினேழு வருட சர்வீஸ், ஹவில்தாராக ஓய்வு. எங்கள் வேலூர்ப் பக்கத்தில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் அவ்வளவு பேர் பெற்றதல்ல. ஆனாலும் வெள்ளைப் பெயின்டில் நம்பரும் பெயரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிகள் அங்கேயும் பல வீடுகளில் உண்டு. மாமாவின் பெட்டியில் இப்போது அக்கா பட்டுப்புடவைகளை வைத்திருக்கிறாள்.

விடிந்ததும் மேட்டுப்பாளையம். எதிர் நடைமேடையில் நீலமும் வெள்ளையுமாக மலை ரயில். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் ஏறிய ரயில். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம் தொடங்குகிறது. எஞ்சின் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளுகிறது. ஜன்னலுக்கு அடித்துக்கொண்ட சுற்றுலாக் குடும்பங்களுக்கு நடுவே மாமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இதுதான் முதல் முறை என்பது பாதி வழியில்தான் தெரிந்தது.

"எங்களையெல்லாம் கோயமுத்தூர்லருந்து த்ரீ டன்னர் லாரியில ஏத்தி, பின்னாடி தார்ப்பாயை இறக்கிட்டாங்க மாப்ளே. மலை எங்க இருக்கு, பள்ளம் எங்க இருக்குன்னு ஒண்ணும் தெரியாது. பாதிப் பேர் வாந்தி. இறங்கினதும் ஒரு உஸ்தாத் இந்தியில கத்துறார். பக்கத்துல நின்ன பையனைப் பார்த்தேன், அவன் கொல்லத்துக்காரன், அவனுக்கும் புரியல. ரெண்டு பேரும் சிரிச்சோம். அதுக்கு ரகடா. புல்தரையில உருண்டுக்கிட்டே போனோம்."

உஸ்தாத் என்பது பயிற்சி கொடுப்பவர். ரகடா என்பது தண்டனை. அடி கிடையாது, ஆனால் அடியே தேவலை என்று தோன்றவைக்கும். கட்டளைகள் எல்லாம் இந்தியில். சாவ்தான் என்றால் விறைப்பாக நிற்க வேண்டும், விஷ்ராம் என்றால் தளர்த்தலாம், தாஹினே முட் என்றால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முதல் மாதம் முழுக்க அர்த்தம் தெரியாமல், பக்கத்தில் நிற்பவன் திரும்பும் பக்கமே திரும்பியதாக மாமா சொன்னார். எல்லாரும் அப்படியே செய்ததால் சில நாள் வரிசை மொத்தமும் தப்பாகத் திரும்பும், ஆனால் ஒன்றாகத் திரும்பும்.

"எல்லாத்துலயும் கஷ்டம் கதம் பதல்தான். நடந்துக்கிட்டே இருக்கணும், நிக்கக் கூடாது, ஆனா காலை மாத்தணும். பக்கத்து ஆள் இடது வைக்கும்போது நீ வலது வெச்சுட்டா, ஒரு குட்டி எட்டு சேர்த்துப் போட்டு சரி பண்ணணும். வெளியிலருந்து பாக்கிறவனுக்குத் தெரியக் கூடாது."

பிறகு அவர் சொன்ன கதை எனக்கும் பாட்டி வழியாகத் தெரியும். அந்தக் காலத்தில் ஊர்ப்பக்கத்து ஆட்களைப் படையில் சேர்த்தபோது அவர்களுக்கு இடது வலது தெரியவில்லையாம். ஒரு காலில் பனையோலையும் மறு காலில் சீலைத் துணியும் கட்டிவிட்டு, லெஃப்ட் ரைட்டுக்குப் பதில் ஓலைக்கால், சீலைக்கால் என்று கத்தி நடக்கவைத்தார்களாம். கேரளத்தில் இதையே திருவிதாங்கூர்ப் படையின் கதையாகச் சொல்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, இதைச் சொல்லும்போது எல்லாரும் அந்த நாட்டுப்புறத்து ஆட்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரே காலை ஒரே நேரத்தில் எடுத்து வைக்கும் ஆயிரம் பேர் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று இந்த நாட்டில் முதன்முதலில் பார்த்த இடம் நம் அடையாற்றங்கரை.

1746. பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். அதை மீட்க ஆற்காட்டு நவாப் தன் மகன் மாபூஸ்கானைப் பெரும்படையோடு அனுப்புகிறார். பத்தாயிரம் பேர் என்கிறார்கள். சாந்தோம் பக்கம், ஆற்று முகத்துவாரத்தில், பாரடி என்ற அதிகாரியின் கீழ் வந்த பிரெஞ்சுப் படை ஏறத்தாழ ஆயிரம் பேர். அதில் பெரும்பகுதி ஐரோப்பியரே அல்ல; பாண்டிச்சேரியில் பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்ச் சிப்பாய்கள். அவர்கள் வரிசையாக ஆற்றில் இறங்கினார்கள், வரிசையாகச் சுட்டார்கள், துப்பாக்கி முனையில் ஈட்டியைச் செருகிக்கொண்டு வரிசை குலையாமல் ஏறி வந்தார்கள். நவாபின் குதிரைப் படை கலைந்து ஓடியது. குதிரையும் யானையும் வைத்திருப்பவனே ராஜா என்ற கணக்கு அன்றைக்கு மாறிவிட்டது. ஒரு கால் ஓலை, ஒரு கால் சீலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆங்கிலேயர்கள் பாடம் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது. 1748இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு வந்த ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், அதுவரை சரக்குக் கிடங்குக்கும் கோட்டை வாசலுக்கும் காவல் நின்ற பியூன்களைக் கம்பெனிகளாகப் பிரித்துப் பழக்கினார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை சென்னையை முற்றுகையிட வரும் பயத்தில் அந்தக் கம்பெனிகள் சேர்த்துக் கட்டப்பட்டு பட்டாலியன்கள் ஆயின. மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறந்த வருடமாகச் சொல்வது இந்த 1758ஐ. அந்த முற்றுகையின்போது வெளியிலிருந்து பிரெஞ்சுக்காரர்களை அலைக்கழித்த சிப்பாய்களின் தலைவன் யூசுப்கான், நம் மருதநாயகம். ஆறு வருடம் கழித்து அவனையே மதுரையில் தூக்கிலிட்டார்கள். ரெஜிமென்ட்டின் வரலாற்றைச் சுபமாகச் சொல்ல நினைப்பவர்கள் இந்த இடத்தைச் சற்று வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம்.

தெற்கே இன்னொரு கதை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மார்த்தாண்டவர்மா, பிடிபட்ட டிலனாய் என்பவரைச் சிறையில் அடைக்காமல் தன் படையைப் பழக்கச் சொன்னார். டிலனாய் 1777இல் இறக்கும்வரை திருவிதாங்கூரிலேயே இருந்தார். தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல்வெட்டோடு. அந்தத் திருவிதாங்கூர்ப் படைதான் பின்னாளில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 9வது பட்டாலியனாக வந்து சேர்ந்தது. அவர்கள் தங்கள் தொடக்கத்தை 1704 வரை கொண்டுபோவார்கள். எங்கள் மாமா ஒன்பதாவது பட்டாலியன்காரர் அல்ல. அதனால் அந்தக் கணக்கை அவர் ஒத்துக்கொள்வதில்லை.

குன்னூரில் தங்கினோம். மறுநாள் விடிவதற்கு முன் மாமா எங்களை எழுப்பி ஆட்டோவில் ஏற்றினார். பனி கண்ணாடியில் வழிந்தது. வெலிங்டன் என்ற பெயருக்கு முன்னால் அந்த இடத்துக்கு ஜெகதளா என்று பெயர். அந்தப் படகர் ஊர் இன்றும் அருகிலேயே அதே பெயரோடு இருக்கிறது. 1850களில் சமவெளி வெயிலிலும் காய்ச்சலிலும் செத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்களைக் குளிரில் வைக்கலாம் என்று ஆறாயிரம் அடி உயரத்தில் பாரக்குகள் கட்டினார்கள். சுற்றிலும் அறைகள், நடுவில் பெரிய சதுர மைதானம். பிறகு வாட்டர்லூ புகழ் வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள்.

இந்தப் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெலிங்டன் பிரபு ஆவதற்கு முன்னால் அவர் வெறும் ஆர்தர் வெல்லெஸ்லி. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தில், அஸ்ஸே என்ற கிராமத்தில் மராத்தியப் படையை எதிர்கொண்டார். அவரிடம் இருந்ததைப்போலப் பல மடங்கு எதிரில். நடுவில் கைத்னா ஆறு. கடக்கத் துறையே இல்லை என்று வழிகாட்டிகள் சாதித்தார்கள். ஆற்றின் இரு கரையிலும் நேர்க்கு நேராக இரண்டு ஊர்கள் இருப்பதைப் பார்த்த வெல்லெஸ்லி, எதிரெதிர் ஊர்க்காரர்கள் போக வர வழி வைத்திருக்காமலா இருப்பார்கள் என்று யோசித்து அங்கேயே படையை இறக்கினார். வழி இருந்தது. அன்று பீரங்கி வாய்க்கு நேராக வரிசை குலையாமல் நடந்துபோன படையில் பெரும்பகுதி மெட்ராஸ் சிப்பாய்கள். செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். தான் நடத்தியதில் சிறந்த போர் எது என்று கிழவயதில் கேட்டபோது வாட்டர்லூவை விட்டுவிட்டு அஸ்ஸேயைச் சொன்னார் என்பார்கள். அங்கே போரிட்ட படைகளுக்குச் சின்னமாக யானை கொடுத்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் தொப்பியில் இன்றும் அந்த அஸ்ஸே யானை நிற்கிறது. யானையைச் சம்பாதித்தவர்களுக்கு அந்தத் துரையின் பெயர் வைத்த ஊரில் இடம் கிடைக்க 1947 வரை ஆனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கோவைக்குப் பக்கத்தில் மதுக்கரையில் இருந்த சென்டர் அந்த வருடம்தான் மலையேறியது. பழைய பாரக்கின் பெயர் இப்போது ஸ்ரீநாகேஷ் பாரக். விடுதலைக்குப் பின் ரெஜிமென்ட்டின் கர்னலாக இருந்து, 1955இல் ராணுவத் தளபதியான ஜெனரல் ஸ்ரீநாகேஷ் பெயரால்.

வாசலில் அடையாள அட்டை, பை சோதனை, பெயர்ப் பட்டியல். அக்காவின் தூக்கைத் திறந்து பார்த்த காவலர் அதிரசத்தைக் கண்டு சிரித்துவிட்டு மூடினார். உள்ளே போகும் வழியில் மாமா ஒவ்வொன்றாகக் கைகாட்டிக்கொண்டே வந்தார். அது லங்கர், சமையற்கூடம். அங்கேதான் ரோல் கால். அந்த மேட்டில் ஓடித்தான் மூச்சு வாங்கும்; சமவெளியில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடித் தேர்வானவன்கூட இந்த உயரத்தில் முதல் வாரம் நாக்கைத் தொங்கப்போடுவான். அவர் இருந்த காலத்தில் 7.62 எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, பிறகு இன்சாஸ் வந்தது. ரெக்கார்ட் ஆபீஸைக் காட்டும்போது குரல் தானாகத் தணிந்தது. பென்ஷன், குடும்ப விவரம், யாருக்கு எப்போது கல்யாணம் ஆனது, யார் எந்த மலையில் செத்தான் என்ற எல்லாக் காகிதமும் அங்கே. இறந்த கணவனின் பென்ஷனில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த எங்கள் ஊரிலிருந்து ஒரு பாட்டி அந்த அலுவலகத்துக்கு எழுதிப்போட்ட கடிதங்களை மாமாதான் எழுதிக்கொடுத்தார்.

இப்படி ஒரு சென்டர் எதற்கு என்று வெளியாட்களுக்குச் சட்டென்று விளங்காது. இந்தியக் காலாட்படையில் ரெஜிமென்ட் என்பது போர்க்களத்தில் ஒன்றாகப் போய் நிற்கும் படையல்ல. அதன் பட்டாலியன்கள் ஒன்று லடாக்கில், ஒன்று அஸ்ஸாமில், ஒன்று ராஜஸ்தான் மணலில் என்று சிதறிக் கிடக்கும். களத்தில் ஒரு பிரிகேடில் மூன்று பட்டாலியன் இருந்தால் மூன்றும் மூன்று ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவையாக இருக்கலாம். ரெஜிமென்ட் என்பது குடும்பப் பெயர் மாதிரி. அந்தக் குடும்பம் எல்லாம் பிறந்து வந்த வீடு சென்டர். போரிடும் பிரிகேடை நடத்துவது ஒரு பிரிகேடியர். போரிடாத இந்த வீட்டை நடத்துவதும் ஒரு பிரிகேடியர்தான். உள்ளே பயிற்சிப் பட்டாலியன்கள், அவற்றுக்குள் கம்பெனிகள், கம்பெனிக்குள் பிளாட்டூன்கள், பிளாட்டூனுக்குள் பத்துப் பேர் கொண்ட செக்‌ஷன்கள். பையன்கள் பின்னால் போய் வாழப்போகும் பட்டாலியனின் மாதிரியிலேயே இங்கும் அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் ரெக்ரூட்டுக்கு இந்த அடுக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்குத் தெரிந்த உலகம் பத்துக் கட்டில்களும் ஓர் உஸ்தாதும்தான். அந்தப் பத்தில் ஒருவன் போர்வையைச் சரியாக மடிக்கவில்லை என்றால் பத்துப் பேருக்கும் ரகடா. பட்டாலியன் என்ற கட்டடத்தைச் சுமக்கும் செங்கல் இந்தப் பத்துப் பேர் என்பதை, வகுப்பறையில் அல்ல, இப்படித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்.

வரும் பையன்கள் தென்மாநிலத்துக்காரர்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம். பிற படையினர் இவர்களை மொத்தமாகத் தம்பிகள் என்பார்கள். பஞ்சாபி அதிகாரியும் கூர்க்கா சுபேதாரும் ஸ்ரீகாகுளத்துப் பையனைத் தம்பி என்றே அழைப்பார்கள். அக்கா என்னை அழைக்கும் அதே சொல், வடக்கே ஒரு படையின் பெயராகப் புழங்குவதைக் கேட்டு அவளுக்கு ஒரே சிரிப்பு.

மைதானத்தின் ஓரத்தில் நாற்காலிகள். பனி விலகியபோது பாண்டு வாத்தியம் கேட்டது. பின்னாலேயே அந்தச் சத்தம். நூற்றுக்கணக்கான பூட்ஸ் ஒரே நொடியில் தரையில் விழும் சத்தத்தைக் கல் சுவர்கள் திருப்பியடித்தன. நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது. அடையாற்றங்கரையில் மாபூஸ்கானின் ஆட்கள் கேட்டது இதைத்தானோ என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் படையெடுப்புகளின் மேல் பிரியம் கிடையாது. ஆனாலும் மயிர்க்கூச்செறிந்ததை மறைப்பானேன்.

அக்காவுக்கு மகனைத் தெரியவில்லை. எல்லாம் ஒரே உயரம், ஒரே மொட்டை, ஒரே முகம். மூன்றாவது வரிசை, இடமிருந்து ஐந்தாவது என்று கண்டுபிடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி முடிந்து ஓடிவந்த எங்கள் பையன் வேறு வரிசை. அவள் அழுது தீர்த்தது ஒரு தெலுங்குப் பையனுக்காக என்று பிறகுதான் தெரிந்தது. அவனுக்கு வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பாதி அதிரசம் அவனுக்குப் போனது.

சத்தியப் பிரமாணத்தில் கீதை, குரான், பைபிள் என்று அவரவர் மத நூல் முன்னிலையில் கை உயர்த்துகிறார்கள். தரை, கடல், வான் எந்த வழியில் அனுப்பினாலும் போவேன், உயிருக்கே ஆபத்தானாலும் ஆணைக்குக் கீழ்ப்படிவேன் என்பது சாரம். சொல்வது இந்தியில். ரெஜிமென்ட்டின் கொள்கை வாசகம் சமஸ்கிருதத்தில். தன் கடமையில் மடிவதே மேல் என்று பொருள். பதவிப் பெயர்கள் பாரசீகமும் ஆங்கிலமும் கலந்தவை. கடைசியில் எல்லாரும் சேர்ந்து எழுப்பும் போர்முழக்கம் மட்டும்தான் நம்முடையது: வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு! நிற்கவும் நடக்கவும் சத்தியம் செய்யவும் ஒரு மொழி, கொள்கைக்கு ஒரு மொழி, கொல்லுவதற்கு மட்டும் தமிழும் மலையாளமும். பெருமைப்பட வேண்டிய இடமா என்று தெரியாமல் பக்கத்தில் பார்த்தேன். மாமாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

பெற்றோரை வரிசையாக அழைத்து கௌரவப் பதக்கம் ஒன்றைச் சட்டையில் குத்தினார்கள். அக்கா அதைப் புடவையில் எங்கே குத்துவது என்று தடுமாறினாள்.

பிறகு டீ. பெற்றோர்கள் கூட்டத்தில் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் போனது: நாலு வருடம். 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவன் எங்கள் பையன். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கே வருடம். அதில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சேவா நிதி என்று பதினொன்றேமுக்கால் லட்சம் போலக் கையில், பென்ஷன் கிடையாது. மாமாவின் ஒன்பது மாதப் பயிற்சி இப்போது முப்பத்தொரு வாரம்: அடிப்படைக்குப் பத்து, மேல்பயிற்சிக்கு இருபத்தொன்று. "பையன் நல்லாத்தான் நடக்கிறான்" என்றார் மாமா. அதற்குமேல் சொல்லவில்லை. ராணுவம் இளமையாக வேண்டும் என்கிறார்கள். பென்ஷன் செலவைக் குறைக்க வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ரெஜிமென்ட் உன் குடும்பம், சாகும்வரை உனக்கு அது பேர் என்று சொல்லித்தரும் மைதானத்தில் நின்றுகொண்டு, நாலில் மூன்று பேர் குடும்பத்தைவிட்டுப் போகப்போகும் தேதியும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு அதுதான் உறுத்தியது.

ஆனால் இந்தப் படைக்கு இது புதிதா என்றால், இல்லை. தேவைப்படும்போது சேர்ப்பதும் வேண்டாதபோது கலைப்பதும் அதன் முதல் நாளிலிருந்து நடப்பதுதான். எங்கள் வேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் சாதி, மதக் குறி கூடாது, மீசையை இந்த அளவுக்கு வெட்டு, தோல் வைத்த புதுத் தலைப்பாகையை மாட்டு என்று உத்தரவு வந்தது. 1806 ஜூலை 10 விடிவதற்குமுன் கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் திரும்பினார்கள். அன்று காலையே ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப் படை வந்து அடக்கியது. மூன்று பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன. மக்கான் சந்திப்பில் அதற்கு நினைவுத்தூண் இருக்கிறது. மாமா தினமும் அதைச் சுற்றித்தான் வண்டி ஓட்டுகிறார். உடலைப் பழக்கலாம், காலை மாற்றலாம். எந்த இடத்துக்குமேல் கைவைத்தால் ஆள் திரும்புவான் என்பதை அன்றைக்கு விலைகொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

அடுத்த அடி சத்தமில்லாமல் விழுந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைவராக இருந்து, பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸுக்கு ஓர் எண்ணம்: நெடுங்காலம் அமைதியாக வாழ்ந்த தென்னாட்டுக்காரனிடம் போர்க்குணம் செத்துவிட்டது, வடமேற்கின் 'வீர இனங்கள்'தான் இனிப் படைக்கு ஆகும். அஸ்ஸேயில் பீரங்கிக்கு நேராக நடந்தவர்களின் பேரன்களைப் பற்றித்தான் இப்படி. ஆள் சேர்ப்பு சுருங்கியது. முதல் உலகப் போரின்போது பட்டியலில் பாளையங்கோட்டை என்றும் வாலாஜாபாத் என்றும் நம் ஊர்ப் பெயரைச் சுமந்த படைகள் இன்னும் மிச்சமிருந்தன. 1922இல் பல படைகளைச் சேர்த்து 3வது மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று ஆக்கினார்கள். ஒவ்வொரு ரெஜிமென்ட்டிலும் 10வது பட்டாலியன் சண்டைக்குப் போகாது, பயிற்சிக்கு மட்டுமே என்ற ஏற்பாடு வந்ததும் அப்போதுதான். இன்றைய சென்டர்களுக்கு மூதாதை அது. ஆனால் நம் ரெஜிமென்ட்டில் அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. செலவைக் குறைக்க ஒவ்வொரு பட்டாலியனாகக் கலைத்து, 1928க்குள் பயிற்சிப் பட்டாலியனையும் சேர்த்து நிரந்தரப் பட்டாலியன்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். பெங்களூர் சாப்பர்கள் என்ற பொறியாளர் படையில் மட்டும் தமிழன் மண்வெட்டியும் வெடிமருந்துமாகத் தாக்குப்பிடித்தான். பிறகு உலகப் போர் வந்தது. ஜப்பான்காரன் பர்மா வந்ததும் போர்க்குணம் பற்றிய ஆராய்ச்சி மறந்துபோயிற்று. மறுபடியும் ஆள் எடுத்தார்கள். மதுக்கரையில் மறுபடியும் கால் மாற்றக் கற்றுக்கொடுத்தார்கள்.

கிளம்பும் முன் மாமா எங்களை நினைவுச்சின்னத்துக்கு அழைத்துப்போனார். அங்கே நின்று நினைத்துக்கொள்ள ஆட்களுக்குக் குறைவில்லை. கீர்த்தி சக்ராவும், நாகாலாந்தில் 1993இல் உயிர்விட்டபின் அசோக சக்ராவும் பெற்ற கர்னல் என்.ஜே. நாயர் இந்த ரெஜிமென்ட்டின் 16வது பட்டாலியன்காரர். மாமா நின்று யோசித்தது வேறு ஒன்றை. 2016 பிப்ரவரி 3, சியாச்சினில் சோனம் காவல்நிலை, 19,600 அடி. பனிச்சரிவு 19வது பட்டாலியனின் பத்துப் பேரை மூடியது. ஆறு நாள் கழித்து பனிக்கடியிலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு எடுக்கப்பட்டார். 11ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் போய்விட்டார். பத்தில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்த ஒரு வாரம் மாமா டீக்கடை டிவியைவிட்டு நகரவில்லை. "அந்த உயரத்துல டீத்தண்ணி கொதிக்கவே அரை நாள் ஆகும் மாப்ளே. சுடறவன் இல்லாமலே ஆளைக் கொல்ற இடம்." பத்துப் பேர், ஒரு செக்‌ஷன். அந்தக் கணக்கை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பையனுக்கு விடுமுறை கொடுத்திருந்தார்கள். எங்களோடே ஊருக்கு வருகிறான். வெலிங்டன் ஸ்டேஷன் பொம்மை ஸ்டேஷன் மாதிரி. ரயில் வரும்வரை நிற்கலாம் என்று சரிவுச் சாலையில் நடந்தே இறங்கினோம். அவன் தலைமேல் புதுக் கறுப்பு டிரங்குப் பெட்டி; நம்பர் பெயின்ட் இன்னும் வாசம் போகவில்லை. ஆட்டோ வைக்கலாம் என்ற அக்காவின் பேச்சை அவனும் கேட்கவில்லை, அவன் அப்பாவும் கேட்கவில்லை. பையன் ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, தூக்கில் அதிரசம் மீதி இருக்கிறதா என்று விசாரித்தபடி முன்னால் போனான். மாமா அவன் பக்கத்தில். முழங்கால் வலி அவருக்கு. கொஞ்சம் விந்தி நடப்பார். பின்னால் வந்துகொண்டிருந்த நான் இரண்டு ஜோடி ஷூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இடது வைக்கும்போது இவர் வலது வைத்தார். வளைவு திரும்பும் இடத்தில், நிற்காமல், ஒரு குட்டி எட்டு சேர்த்துப் போட்டார்.